சீழ் வரவில்லை, சிகே நார்மல், ஆனாலும் தசையில் தொற்று: அது எப்படி?

கேள்வி இதுதான். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தொடையில் வலி, கூடவே காய்ச்சல். முதலில் சதைப்பிடிப்பு என்றார்கள். ரத்தக்கட்டு இருக்குமோ என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் சிகே என்ற நொதி நார்மல். ஊசி போட்டுச் சீழ் எடுக்கப் பார்த்தார்கள், எதுவும் வரவில்லை. கடைசியில் எம்ஆர்ஐ எடுத்த பிறகு தசையில் பாக்டீரியா தொற்று என்று சொல்லி இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் ஒன்றாக ஏற்றுகிறார்கள். சீழே இல்லாமல் எப்படித் தொற்று, ஏன் இவ்வளவு நாள் பிடிபடவில்லை, இனி அறுவை வேண்டியிருக்குமா, எத்தனை நாள் மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் என்று தொற்றுக்கு நாம் எதிர்பார்க்கிற அடையாளங்களில் பெரும்பாலானவை கிருமி உண்டாக்குபவை அல்ல, நம் உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது உண்டாகிறவை. சீழ் என்பதே பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள்தான். கீமோவால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே போய்விட்ட ஒருவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? ஊசியில் ஒன்றும் வராதது தொற்று இல்லை என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஈரல் சுருங்கியவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் என எல்லோருக்கும் இதே சிக்கல் கூடவோ குறையவோ உண்டு. தொற்று பெரிதாக இருக்கும், அடையாளம் சின்னதாக இருக்கும். ஆரம்பத்தில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: ஒரே இடத்தில், ஆழத்தில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற வலி. அதை நம்பத்தான் வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எலும்புத் தசை சாதாரணமாகத் தொற்றுக்கு எளிதில் இடம் கொடுக்காத திசு. ரத்தத்தில் கிருமி சுற்றினாலும் எலும்பிலும் மூட்டிலும் இதய வால்விலும் போய் உட்காருமே தவிர, தசையில் உட்காருவது குறைவு. 1904-லேயே மியாகே என்ற ஆய்வாளர் விலங்குகளின் ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்திருக்கிறார். முழுசாக இருந்த தசையில் கட்டி வரவில்லை. முன்கூட்டியே நசுக்கியோ, மின்சாரம் பாய்ச்சியோ, ரத்த ஓட்டத்தை நிறுத்தியோ சேதப்படுத்திய தசையில்தான் வந்தது. பாக்டீரியா வளர இரும்புச்சத்து வேண்டும், தசையில் இருக்கும் இரும்போ மயோகுளோபினுக்குள் பூட்டிக் கிடக்கிறது, அடிபட்டால் அது வெளியே வந்து கிருமிக்குக் கிடைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அதனால்தான் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இது வரும்போது, சில நாட்களுக்கு முன் விழுந்து அடிபட்டது, கடுமையாக உடற்பயிற்சி செய்தது என்று ஏதாவது ஒரு கதை அடிக்கடி கூடவே இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அந்தக் கதை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த குழாய்), டயாலிசிஸ் குழாய், வாய்ப்புண், புண்ணாகிப்போன குடல், இப்படி ஏதோ ஒரு வாசல் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் நுழைந்துவிடும், விரட்ட ஆள் இல்லாததால் தசையில் தங்கிவிடும்.

கிருமி எது என்பதும் ஆளைப் பொறுத்து மாறும். பொதுவாகத் தசையில் சீழ்க்கட்டி என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். வெப்ப மண்டலப் பகுதிகளில் பத்தில் ஒன்பது அதுதான், குளிர்ப் பகுதிகளில் முக்கால்வாசி. ஆனால் கீமோ நோயாளிகளிடம் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளும் தசையைப் பிடிக்கின்றன, பெரும்பாலும் சொந்தக் குடலிலிருந்தே கிளம்பி. அதனால்தான் ஒற்றை மருந்தில் நிற்காமல் இரண்டு மூன்றை ஒன்றாக ஏற்றுகிறார்கள். மருத்துவர் தடுமாறுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள், கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு, வரும்வரை இதுதான் முறை.

சாதாரண ஆளுக்கு இந்த நோய் மூன்று கட்டமாகப் போகும். முதல் பத்து நாளோ இரண்டு வாரமோ வெறும் தசை வலி, லேசான காய்ச்சல், கை வைத்துப் பார்த்தால் கட்டை மாதிரி ஒரு இறுக்கம். மேலே தோல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் தொற்று தசையைச் சுற்றியுள்ள உறைக்குள், ஆழத்தில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஊசி போட்டால் யாருக்குமே சீழ் வராது, இன்னும் சேரவில்லை. அடுத்தது சீழ் சேரும் கட்டம், காய்ச்சல் ஏறும், தொட்டாலே வலிக்கும். பெரும்பாலானோர் மருத்துவமனைக்கு வருவதே இப்போதுதான். அதையும் விட்டுவிட்டால் மூன்றாவது கட்டம், கிருமி ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் தளர்ந்து, ஐசியு. நியூட்ரோஃபில் இல்லாதவருக்கு இந்த வரிசை குலைந்துவிடுகிறது. இரண்டாவது கட்டமே வராமல் முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். கீமோ முடிந்து கவுன்ட் (வெள்ளையணு எண்ணிக்கை) ஏறத் தொடங்கும்போது தொடை திடீரென்று வீங்கும், சிவக்கும், வலி கூடும், ஸ்கேனில் அதுவரை இல்லாத கட்டி தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். பல நேரங்களில் அது வெள்ளையணுக்கள் திரும்பி வந்து வேலையைத் தொடங்கியதன் அடையாளம். முன்பு எடுக்க முடியாத சீழ் இப்போது எடுக்கக் கிடைக்கும். ஆனால் தானாகவே அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது, தொற்று உண்மையிலேயே பரவினாலும் தோற்றம் இதேதான். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து, ஸ்கேனைத் திரும்ப எடுத்துத்தான் சொல்ல முடியும்.

சரி, ஏன் முன்னாடியே பிடிபடவில்லை? முதல் காரணம் சிகே. தசையில் பிரச்சினை என்றால் சிகே ஏற வேண்டும் என்று நாம் எல்லோருமே எதிர்பார்க்கிறோம். ஆனால் தசைச் சீழ்க்கட்டியில் அது பெரும்பாலும் நார்மலாகவோ கொஞ்சம் மட்டும் ஏறியோ இருக்கும், காரணம் தசை நார்கள் பெருமளவில் உடைவதில்லை, நார்களுக்கு இடையில்தான் தொற்று. ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகு குழந்தைகளுக்கு இரண்டு கெண்டைக்காலும் வலித்து நடக்க முடியாமல் போகுமே, அதில் சிகே ஆயிரக்கணக்கில் ஏறும், நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அதாவது சிகே ஏறிய பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடுகிறது, சிகே நார்மலாக ஒரு பக்கம் மட்டும் வலியோடு வருபவரிடம்தான் கவனம் வேண்டும். சிகே நார்மல் என்ற தாளை வைத்துக்கொண்டு தசைத் தொற்று இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சிகே மிகவும் ஏறியிருந்து, ஆள் மோசமாகிக்கொண்டும் இருந்தால், அது தசை செத்துக்கொண்டிருப்பதைக் காட்டலாம். அந்தக் கதை வேறு, கீழே வருகிறேன்.

வெள்ளையணு எண்ணிக்கையும் கீமோ நோயாளியிடம் உதவாது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறும், ஆனால் புற்றுநோய், வாய்ப்புண், ரத்தம் ஏற்றியது என்று ஆயிரம் காரணத்துக்கு அது ஏறும். பிளட் கல்ச்சரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வளராது, அதற்காக எடுக்காமல் இருக்கவும் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், இரண்டு இடத்தில், போர்ட் இருந்தால் அதிலிருந்தும் எடுக்க வேண்டும். டாப்ளர் பார்த்தது சரியான முடிவுதான், புற்றுநோய் உள்ளவருக்குக் கால் வீங்கினால் ரத்தக்கட்டுதான் முதல் சந்தேகம். தவறு எங்கே நடக்கும் என்றால், டாப்ளர் நார்மல் என்றதும் தேடுவதை நிறுத்திவிடுவதில். ரத்தக்கட்டு இல்லை என்றால் வலிக்கு வேறு காரணம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அல்ட்ராசவுண்ட் கையோடு செய்யலாம், திரவம் சேர்ந்திருந்தால் நன்றாகக் காட்டும், ஊசியை வழிநடத்தவும் உதவும். ஆனால் ஆரம்பக் கட்டத்தையும், இடுப்புக்குள் ஆழமாக உள்ள தசைகளையும் கோட்டைவிடும். இதற்கு மிக நம்பகமானது எம்ஆர்ஐதான். தசை நீர்கோத்து வெளுத்துத் தெரியும், கான்ட்ராஸ்ட் கொடுத்தால் கட்டியின் ஓரம் வளையமாக ஒளிரும், நடுவில் ரத்த ஓட்டம் இல்லாத பகுதி இருண்டு நிற்கும். நியூட்ரோஃபில் இல்லாதவருக்கு அந்த வளையமும் வராமல் வெறும் நீர்கோப்பு மட்டும் தெரியலாம், ரிப்போர்ட்டில் தசை அழற்சி என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஸ்கேன் படிப்பவரிடம் இவருக்குக் கவுன்ட் இவ்வளவுதான் என்று முன்பே சொல்லியிருந்தால் அவர் பார்க்கிற பார்வையே வேறு. ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும் என்பதால் வலிக்கிற இடத்தோடு நிறுத்தாமல் இடுப்பிலிருந்து பார்ப்பது நல்லது. எம்ஆர்ஐ உடனே கிடைக்காத இடத்தில் சிடி எடுக்கலாம், தவறில்லை.

கையால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம், குறிப்பாக சோவாஸ் தசை விஷயத்தில். முதுகெலும்பிலிருந்து இடுப்புக்குள் இறங்கித் தொடை எலும்பில் சேரும் தசை அது, வெளியிலிருந்து தொட முடியாது. அதில் தொற்று வந்தவர் படுக்கையில் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒரு முழங்காலை மட்டும் மடித்து, தொடையை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தூக்கியபடி வைத்திருப்பார். காலை நீட்டுங்கள் என்று சொன்னால் இடுப்பை வளைத்து முதுகைத் தூக்குவாரே தவிர கால் நேராகாது. மல்லாந்து படுக்க முடியாமல் ஒருக்களித்தே கிடப்பார். அவர் சொல்வதோ முதுகு வலி, அடிவயிற்று வலி, சில நேரம் முழங்கால் வலி. வயிற்று ஸ்கேன் எடுத்துக் குடலைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

தொற்று போலவே வேஷம் போடும் மற்றவற்றையும் யோசிக்க வேண்டும். பிளேட்லெட் குறைந்தவருக்குத் தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டியாக நிற்கலாம், பிறகு அந்த ரத்தக்கட்டிக்குள்ளேயே தொற்று ஏறவும் செய்யலாம். நீண்டகாலச் சர்க்கரை, அதிலும் சிறுநீரகமும் கெட்டுப்போனவர்களுக்கு, தொடைத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அது செத்து, திடீர் வலியும் வீக்கமுமாக வரும், எம்ஆர்ஐயில் தொற்றிலிருந்து பிரிப்பது கஷ்டம், ஆனால் காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. கவுன்ட் ஏற்றப் போடும் ஊசிகளால் எலும்பு வலி வரும், அது ஒரே இடத்தில் நிற்காது. புற்றுநோயே தசையில் இறங்கியிருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், பிளேட்லெட் அனுமதித்தால், பயாப்சி எடுத்து பாக்டீரியா, காசநோய்க் கிருமி, பூஞ்சை என எல்லாக் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். சிலர் முழுத் துண்டையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், அதன் பிறகு அதில் எதையும் வளர்க்க முடியாது. ஒரு பாதியாவது ஃபார்மலின் இல்லாமல் லேபுக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னது நாள் கணக்கில் நகரும் தொற்று. மணிக்கணக்கில் நகரும் இன்னொரு வகை இருக்கிறது, அதைத் தவறவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார்: தசையையும் அதன் உறையையும் அழுகச் செய்யும் தொற்று. க்ரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், க்ளாஸ்ட்ரிடியம், அல்லது பல கிருமிகள் சேர்ந்து. வெளியே தெரிவதற்கும் அவர் சொல்கிற வலிக்கும் சம்பந்தமே இருக்காது. தோலில் லேசான சிவப்பு, ஆனால் போர்வை பட்டாலே அலறுவார். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும். அப்புறம் தோல் கருநீலமாகும், கொப்புளம் வரும், அழுத்தினால் உள்ளே காற்று நொறுங்குவது விரலுக்குத் தெரியும், பிறகு நரம்பும் செத்து வலியே நின்றுவிடும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் நிலைமை கைமீறிப் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க 2004-ல் லிரினெக் என்று ஒரு மதிப்பெண் முறை வந்தது. சிஆர்பி, வெள்ளையணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை என்ற ஆறையும் கூட்டி, 6 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகப்படு என்று. அதிகம் வந்தால் உஷாராகலாம், சரி. குறைவாக வந்தது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல அது லாயக்கில்லை, நிறையப் பேரைத் தவறவிடுகிறது. வெள்ளையணு ஏறவே முடியாத கீமோ நோயாளிக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும். அங்கே சின்னதாகக் கீறிப் பார்ப்பார்கள். நல்ல திசு என்றால் ரத்தம் வரும், விரலை விட்டால் உறை தசையோடு ஒட்டி நிற்கும். கெட்டுப்போனது என்றால் ரத்தம் வராது, கலங்கலான சாம்பல் நிற நீர் வடியும், விரல் எந்தத் தடையும் இல்லாமல் உறைக்கும் தசைக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும். மின் கத்தியால் தொட்டால் உயிருள்ள தசை துள்ளும், செத்த தசை அசையாது. அசையாததையெல்லாம் வெட்டி எடுத்தாக வேண்டும், அடுத்த நாளோ அதற்கு முன்போ திரும்பத் திறந்து பார்த்து மறுபடி வெட்ட வேண்டும், வெட்ட ஒன்றும் இல்லை என்ற நிலை வரும்வரை. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் ரத்தமே போகாத திசுவுக்குள் மருந்து எப்படிப் போகும்? நல்ல சிகிச்சை கிடைத்தும் நாலைந்து பேரில் ஒருவரைக் கொண்டுபோகிற நோய் இது.

இதில் க்ளாஸ்ட்ரிடியம் செப்டிகம் என்ற கிருமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். விபத்துக் காயத்தில் மண் வழியாக வரும் வாயு அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். செப்டிகமோ காயமே இல்லாமல் வரும். குடலில் ஒரு விரிசலோ புண்ணோ கிடைத்தால் ரத்தத்தில் நுழைந்து எங்கோ ஒரு தொடையிலோ தோளிலோ இறங்கிவிடும். நியூட்ரோஃபில் இல்லாதவர்களும் பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களும்தான் இதன் முக்கிய இலக்கு. தப்பித்தவர்களுக்குக் கட்டாயம் கொலனோஸ்கோபி செய்வது இதனால்தான், அதுவரை தெரியாமலிருந்த புற்றுநோய் அங்கே உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கிருமிகளின் நச்சு ரத்தத் தட்டணுக்களையும் வெள்ளையணுக்களையும் ரத்தக் குழாய்க்குள்ளேயே ஒட்டவைத்து ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுவதால், நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கே இதில் சீழ் இருக்காது. நுண்ணோக்கியில் குண்டான கோல் வடிவக் கிருமிகள் நிறையத் தெரியும், வெள்ளையணு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைப்பதைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அதற்காக அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மருந்துக்கு வருவோம். நியூட்ரோஃபில் குறைந்தவருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும், இதில் பேரம் இல்லை. தசையிலும் சந்தேகம் என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு, அதிலும் மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத வகைக்கும் சேர்த்து, வான்கோமைசின். கிராம் நெகட்டிவுக்கு பைபராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம், அல்லது மெரோபெனம். எது என்பது அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி எதற்கு மசிகிறது என்பதையும், அவருக்கு இதற்கு முன் என்ன வளர்ந்தது என்பதையும் பொறுத்தது. கல்ச்சரில் மெதிசிலினுக்கு மசிகிற சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று வந்துவிட்டால் வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபசோலின் அல்லது ஆக்சசிலின் வகைக்கு மாற வேண்டும். பெரிய மருந்தை விட்டுச் சின்ன மருந்துக்கு மாற்றுகிறார்களே என்று கவலைப்பட வேண்டாம், இந்தக் கிருமியை வான்கோமைசினைவிட செஃபசோலின் நன்றாகக் கொல்லும்.

அழுகல் வகை என்றால் இதனோடு கிளிண்டாமைசினும் சேர்ப்பார்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1952-ல் ஹாரி ஈகிள் எலிகளின் தொடைத் தசையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் செலுத்திப் பென்சிலின் கொடுத்தார். உடனே கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. சில மணி நேரம் தாமதித்துக் கொடுத்தபோது, அதே கிருமி, அதே மருந்து, ஆனால் பலனில்லை. காரணம், பென்சிலின் கொல்வது பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை. கூட்டம் நிறைந்து பெருக்கம் நின்றுவிட்டால் அதற்கு வேலை குறைந்துவிடுகிறது. கிளிண்டாமைசின் கிருமி புரதம் செய்வதையே தடுப்பதால் பெருகினாலும் பெருகாவிட்டாலும் வேலை செய்யும், நச்சு உற்பத்தியையும் நிறுத்தும். ஆனால் அதற்கு மசியாத ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உண்டு, அதனால் பென்சிலினை விடாமல் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். லினிசோலிடும் நச்சை அடக்கும், ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பிளேட்லெட்டை இறக்கும். ஏற்கெனவே பிளேட்லெட்டுக்குத் தவிக்கிறவருக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். டாப்டோமைசின் கொடுத்தால் வாரம் ஒருமுறை சிகே பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த மருந்தே தசையைப் பாதிக்கக்கூடியது. தசைத் தொற்றுக்குப் போட்ட மருந்தால் தசை வலி வந்து, தொற்று கூடுகிறதோ என்று குழம்புவதும் நடக்கும். வான்கோமைசினுக்கு ரத்தத்தில் மருந்தளவும் கிரியாட்டினினும் தொடர்ந்து பார்க்க வேண்டும், பைபராசிலினோடு சேரும்போது கூடுதல் கவனம்.

அறுவை வேண்டுமா என்று கேட்டீர்கள். திரவம் சேர்ந்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும், மருந்தால் மட்டும் கரைப்போம் என்று காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி பார்த்துக்கொண்டே ஒரு குழாய் வைத்து வடித்தால் போதும். பல அறைகளாகப் பிரிந்த கட்டி, குழாயில் வடியாத கெட்டிச் சீழ், அழுகல் என்றால் திறக்க வேண்டும். உங்கள் உறவினருக்கு இப்போது கட்டி இல்லை, வெறும் நீர்கோப்பு என்றால் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தினமும் தொடையைப் பார்த்து, சில நாட்களில் ஸ்கேனைத் திரும்ப எடுப்பது நியாயமான முடிவு. பிளேட்லெட் குறைவாக இருக்கிறது என்பது அறுவையைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. 50,000-க்கு மேல் வரும்படி ஏற்றிக்கொண்டு செய்யலாம். வீக்கம் இறுகி, கால் விரலை அசைத்தாலே உயிர் போகிற வலி, மரத்துப்போதல் என்று வந்தால் தசைப் பெட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள், அது அந்த மணி நேரத்திலேயே பார்க்க வேண்டிய அவசரம்.

எத்தனை நாள்? எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு, கட்டியை வடித்து, ரத்தத்தில் கிருமி இல்லை என்றால் மொத்தம் இரண்டிலிருந்து மூன்று வாரம். நன்றாகத் தேறிய பிறகு மாத்திரைக்கு மாறலாம். ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தது என்றால் கணக்கே வேறு: ஒரு நாள் இரண்டு நாளுக்கு ஒருமுறை கல்ச்சர் எடுத்து எந்த நாளில் சுத்தமானது என்று பார்த்து, அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், எக்கோ எடுத்து இதய வால்வைப் பார்ப்பார்கள், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை போகலாம். கல்ச்சர் சுத்தமாகவில்லை என்றால் எங்கோ வடிக்காத கட்டி ஒன்று இருக்கிறது என்று தேட வேண்டும், இல்லை கீமோ போர்ட் போன்ற குழாயை எடுக்க வேண்டும். கவுன்ட் ஏறாத நோயாளிக்கு நாளை எண்ணி நிறுத்துவதில்லை. கவுன்ட் வரவேண்டும், வலி போகவேண்டும், ஸ்கேனில் தெளிய வேண்டும்.

மருந்து பலிக்கவில்லை என்றால் வரலாற்றைத் திரும்பக் கேளுங்கள். ஈரல் கெட்டவர் கடல் நீரில் இறங்கினாரா, பச்சையாகச் சிப்பி சாப்பிட்டாரா என்றால் விப்ரியோ வல்னிஃபிகஸ், அதற்கு டாக்சிசைக்ளினோடு செஃப்டாசிடிம். குளம், ஆற்று நீர் என்றால் ஏரோமோனாஸ். சர்க்கரை உள்ளவர், மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்தவர், ஈரல் மண்ணீரலிலும் கட்டி என்றால் மெலியாய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய். லேபில் இந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவதும் உண்டு. அதற்குக் குறைந்தது பத்துப் பதினாலு நாள் செஃப்டாசிடிமோ மெரோபெனமோ ஊசியாக, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல். வாரக்கணக்கில் மெதுவாக வளர்ந்த சோவாஸ் கட்டி என்றால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

நாளை வார்டில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்தக் கிருமி என்று கல்ச்சரில் ஏதாவது வந்ததா, கீமோ போர்ட்டை எடுக்க வேண்டுமா, எக்கோ எடுத்தாயிற்றா, அடுத்த ஸ்கேன் எப்போது. இரவில் வலி நிவாரணி கூட்டிக் கேட்க வேண்டியிருந்தால், புதிதாக வேறு இடத்தில் வலி வந்தால், பேச்சு குழறினால், சிறுநீர் குறைந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்க வேண்டாம், அப்போதே நர்ஸிடம் சொல்லி டாக்டரை வரவழையுங்கள். தொடையை அமுக்கிவிடுவது, தைலம் போட்டுத் தேய்ப்பது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். அடுத்த கீமோவை எப்போது தொடங்குவது என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். தொற்று அடங்கிய பிறகு தொடங்கலாம், தழும்பு முழுசாக மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்படித் தொடங்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தத் தசை, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசிந்தது என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை கவுன்ட் இறங்கிக் காய்ச்சல் வந்தால் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான்.